பரவாயில்லை, நீ போயிட்டு வா

வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் ஈஃபில் டவர், இன்னொரு மூலையில் சிங்கப்பூர் சிங்கம், நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அந்தத் தொகையின் தலையில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தின் அடியில் தேடினால் நட்சத்திரத்துக்கு விளக்கம் கிடைக்கும்: 'ட்வின் ஷேரிங் அடிப்படையில், நபர் ஒருவருக்கு.'

அதாவது, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால்தான் இந்த விலை. தனி ஆளாக வந்தால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று இன்னொரு தொகையைத் தீட்டிவிடுவார்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கோபமில்லை. அறையில் ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் ஏ.சி. ஓடுவது ஒரே மாதிரிதான். ஹோட்டல்காரர் கணக்கு அது.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த நட்சத்திரம் கண்ணிலேயே படாது. துணையை இழந்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், 'இந்த வயசுல எதுக்கு ஊர் சுத்தணும்?' என்று சொல்லும் ஆளைக் கட்டிக்கொண்டவர், இவர்களுக்குத்தான் குத்தும். உடனே நண்பர் ஞாபகம் வரும். "ஏம்ப்பா, நீயும் வாயேன். ரூமைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்." அறுபதைத் தாண்டிய எத்தனையோ நண்பர்களை ஒரே விமானத்தில் ஏற்றிய புண்ணியம் அந்தப் பொடி நட்சத்திரத்தைச் சேரும்.

கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று டூர்காரர்கள் ஒரு பட்டியலும் தருவார்கள். விசா, டிப்ஸ், துணி சலவை அடங்காது. பட்டியலில் எழுதாத அயிட்டங்கள் சில உண்டு. குறட்டை. விடிகாலை நாலு மணிக்கு லைட்டைப் போடும் பழக்கம். பாத்ரூமுக்குள் போனால் முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும்விடப் பெரிய அயிட்டம், நடக்கிற வேகம்.

முப்பது வருஷம் பழகிய நண்பர் எவ்வளவு வேகமாக நடப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? யோசித்துப் பாருங்கள். நண்பர்களை நாம் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்தான் சந்திக்கிறோம். ஆபீஸ் கேன்டீன், காபி டேபிள், கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர். சேர்ந்தாற்போல் நாலு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் யாருடன் நடந்திருக்கிறோம்?

நட்பு என்றதும் நம் ஊரில் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் இழுத்துவிடுவோம். ஒருவர் உறையூரில் அரசர், இன்னொருவர் பாண்டிய நாட்டுப் புலவர். முகம் பார்க்காமலேயே நண்பர்கள். அரசர் வடக்கிருந்து உயிரை விட்டபோது புலவரும் வந்து வடக்கிருந்தார் என்கிறது புறநானூறு. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் போன அந்த நட்பு, ஒரே பாத்ரூமைப் பகிர்ந்துகொள்ளும் சோதனைக்கு ஒருமுறைகூட உட்படவில்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வேறு பக்கம் நின்றார். சேர்ந்து மூட்டைக்கணக்கில் உப்புத் தின்றால்தான் ஒருவரை ஒருவர் அறியமுடியும் என்ற அர்த்தத்தில் அவர் காலத்தில் ஒரு பழமொழி இருந்தது. நட்பைப் பற்றி எழுதும்போது அதை எடுத்துக்காட்டுகிறார். என் ஓட்டு அரிஸ்டாட்டிலுக்கு.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்மணிகளின் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். மூத்தவர், இளையவர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் பதினோரு மாதம்தான். இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். ஒரே அரசு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. தினமும் டிபன் பாக்ஸ் மூடியில் ஒருவர் குழம்பு மற்றவருக்குப் போகும். ரிட்டயர் ஆன பிறகும் 'வாடி, போடி'தான். மூத்தவரின் கணவர் காலமாகிவிட்டார். இளையவரின் கணவர், மேலே சொன்ன மூன்றாவது ரகம்.

இருவரும் ஒரு குரூப் டூரில் கம்போடியா போனார்கள். அங்கோர்வாட் பார்க்க வேண்டும் என்பது இளையவரின் நெடுநாள் ஆசை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில், பிறகு பௌத்தத் தலமானது. உலகத்தின் மிகப் பெரிய வழிபாட்டுக் கட்டடம் என்பார்கள். ஒருநாள் டிக்கெட்டே முப்பத்தேழு டாலர். அடுக்கடுக்கான மூன்று தளம். உச்சித் தளத்துக்கு 'பக்கான்' என்று பெயர். அங்கே போகும் படிகள் கிட்டத்தட்டச் சுவர் மாதிரி நிற்கும். பழைய கல்படியின் மேல் மரப்படி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், அப்படியும் செங்குத்துதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்குப் பண்ணி அனுப்புவதால் கீழே வரிசை.

இந்தப் படிக்காகவே இளையவர் இரண்டு மாதம் தன் அபார்ட்மென்ட் மாடிப்படியில் தினமும் நாலு தடவை ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்திருக்கிறார். மூத்தவருக்கு இரண்டு முட்டியும் மோசம். படியைக் கீழேயிருந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"என்னால ஆகாதுடி. நீ போயிட்டு வா. நான் உட்கார்ந்துக்கறேன்."

"உன்னை விட்டுட்டு எனக்கென்ன மேல வேண்டியிருக்கு?"

"பரவாயில்லை, போ."

"சும்மா இருடி. கல்லுதானே? போட்டோவுல பார்த்தா போச்சு."

குழுவில் மற்றவர்கள் மேலே போனார்கள். இவர்கள் இருவரும் மெதுவாக இறங்கிக் கீழ்ச்சுற்றுப் பிராகாரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் சம்பவம். சண்டை இல்லை, முகம் சுளிக்கவில்லை. ஊர் திரும்பி எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். கேட்டவர்கள் எல்லாம் இளையவரைப் புகழ்ந்தார்கள். 'என்ன மாதிரி ஃப்ரெண்ட் பாரு! டாலர் கொடுத்துப் போய்ட்டு, தோழிக்காக ஏறாம இருந்திருக்கா.'

இப்போது சங்கதி என்னவென்றால், இளையவர் அடுத்து பாலி போகலாம் என்கிறார், மூத்தவர் வரமாட்டேன் என்கிறார். பேரனுக்குப் பரீட்சை, பாஸ்போர்ட் புதுப்பிக்கணும், சுகர் கூடியிருக்கு என்று மாசத்துக்கு ஒரு காரணம். ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நிஜக் காரணம் வந்தது. "அவ ரெண்டு மாசம் படி ஏறிப் பழகினது எனக்குத் தெரியும்ப்பா. என் முட்டியால அது போச்சு. அவ போயிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா உட்கார்ந்திருப்பேன். பக்கத்துல உட்கார்ந்து, 'ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி'ன்னு முக்கால் மணி நேரம் சொல்லிக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் குத்திச்சு. மறுபடி அவளுக்குச் சுமையா போக எனக்கு இஷ்டமில்லை."

கேள்வி உங்களுக்கும் புரிந்திருக்கும். நண்பருக்காக விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். கேட்காமல் விட்டுக்கொடுத்தாலுமா? வாங்கிக்கொண்டவருக்குக் கனக்கும் என்று தெரிந்தாலுமா?

அக்கவுன்டன்சி முதல் பாடத்தில் ஒரு விதி வரும். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது தோன்றவில்லை, பின்னால்தான் உறைத்தது. கடனுக்கும் 'பற்று', பாசத்துக்கும் 'பற்று'. ஒரே சொல். தோழிகளுக்கிடையே முப்பது வருஷமாகக் குழம்பு போனது, கறி வந்தது, யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், எல்லாம் திருப்பித் தரக்கூடிய சரக்கு. நாளைக்கு ரசம் கொடுத்தால் தீர்ந்தது. அங்கோர்வாட் உச்சியைத் திருப்பித் தரமுடியுமா?

இங்கேதான் வயது வருகிறது. முப்பது வயதில் நண்பனுக்காக ஒரு மலையை விட்டுக்கொடுத்தால், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.' அறுபத்தேழில் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கம்மி. மறுபடி அவ்வளவு தூரம் போவோமா, போனால் முட்டி சொன்னபடி கேட்குமா, தெரியாது. கொடுக்கிற பொருள் பெரிதாகிவிடுகிறது. வாங்குகிறவர் தலையில் ஏறும் பாக்கியும் அதே அளவு பெரிது.

'கல்லுதானே?' என்றார் இளையவர். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் கணக்கு இடிக்கிறது. அது வெறும் கல் என்றால் விட்டுக்கொடுத்ததில் பெருமை இல்லை. பெரிய விஷயம் என்றால் 'கல்லுதானே' என்பது பொய். அந்தப் பொய்யை மூத்தவரும் நம்பவில்லை, இளையவரும் நம்பவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நம்புவதாகக் காட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இளையவர் மேல் மட்டும் பழி போடவும் எனக்கு மனசில்லை. அவர் காதில் விழுந்தது 'பரவாயில்லை' என்ற சொல். பாரசீகத்து 'பர்வா'வையும் நம் 'இல்லை'யையும் ஒட்டவைத்துச் செய்தது அது. கவலையில்லை என்று பொருள். நம் வீடுகளில் அதற்கு அந்தப் பொருள் உண்டா? விருந்தாளி வருகிறார். காபி? 'ஐயோ, வேண்டாம், பரவாயில்லை.' உடனே காபியை நிறுத்திவிடுகிறோமா? அடுப்பைப் பற்றவைக்கிறோம். முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. இரண்டாவது, மரியாதைக்கு. மூன்றாவதையும் தாண்டினால்தான் மனுஷன் நிஜமாகவே காபி குடிக்கமாட்டார் என்று முடிவு. இந்தப் பயிற்சியோடு வளர்ந்த காது, 'பரவாயில்லை, நீ போ' என்பதை எப்படிக் கேட்கும்? 'போகாதே' என்றுதான் கேட்கும். விருந்தோம்பலுக்கு அழகான வழக்கம். பக்கான் படிக்கட்டின் அடியில், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது, அது உதவவில்லை.

மூத்தவர் என்ன செய்திருக்கலாம்? அடியில் உட்காருபவருக்கும் ஒரு கடமை உண்டு என்று நினைக்கிறேன். போகச் சொல்கிறோம் என்றால், அது நிஜம் என்று தெரியும்படிச் சொல்ல வேண்டும். 'நீ மேலே போய் எனக்காகவும் பார்த்துட்டு வா' என்று தோழியின் தோள்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தால், அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. அதேபோல், தனியாக உட்காரப் பயமாக இருந்தால் பயம் என்று சொல்ல வேண்டும். பாஷை தெரியாத ஊர், சுற்றிலும் அந்நிய முகங்கள், பயமாக இருந்தால் தப்பே இல்லை. பயத்தை ஒளித்துக்கொண்டு 'பரவாயில்லை' சொல்லிவிட்டு, தோழி போனதும் மனசுக்குள் 'விட்டுட்டுப் போயிட்டாளே' என்று குமைவது இருக்கிறதே, அது இளையவர் சொன்ன பொய்யைவிட மோசமான பொய்.

இதற்குள் சில வாசகர்கள் பேனாவைத் திறந்திருப்பீர்கள். 'கூட்டிக்கொண்டு போனவளை அந்நிய தேசத்தில் தனியாக விட்டுவிட்டு மேலே ஏறச் சொல்கிறீரா?' என்று. ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நெஞ்சு வலி, காய்ச்சல், தலைசுற்றல் என்றால் பேச்சே கிடையாது. கோயில் கிடக்கட்டும், ஆள்தான் முக்கியம். மூத்தவருக்கு அன்று வேண்டியிருந்தது நிழலும் ஒரு பாட்டில் தண்ணீரும். இரண்டும் இருந்தன. உதவி தேவைப்படுபவரை விட்டுப் போவது வேறு, கொஞ்ச நேரம் தனியாக இருக்கக்கூடிய ஒருவரைத் தனியாக இருக்கவிடுவது வேறு. வயதானவர்கள் விஷயத்தில் நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டால் ஒருத்தர் எப்போதும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பது போதாதென்று, வயதானவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும் அப்படியே நினைக்கிறார்கள்.

ஆனாலும் அந்த வாசகர்கள் பக்கம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார், மறைக்க விரும்பவில்லை. டாக்டர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில அகராதி தொகுத்த ஜான்சன்தான். 1773-ம் வருஷம் ஆகஸ்டில், அறுபத்துநாலு வயதை நெருங்கிய ஜான்சனும், முப்பத்திரண்டு வயது நண்பர் பாஸ்வெல்லும் எடின்பரோவிலிருந்து கிளம்பி ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சுற்றிவிட்டு நவம்பரில் திரும்பினார்கள். ஜான்சன் கனத்த சரீரம். மலைப்பாதையில் குதிரைச் சவாரி. தீவுக்குக் கடல் தாண்டுவதற்கு முன் க்ளெனெல்க் என்ற இடம். மலையிறக்கத்தில், சாயங்கால வேளையில் ஜான்சனின் குதிரை தள்ளாடிக்கொண்டிருந்தது. பாஸ்வெல் நல்ல எண்ணத்தோடுதான், சத்திரத்தில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம் என்று குதிரையைத் தட்டிவிட்டார். பின்னாலிருந்து ஜான்சன் போட்டாரே ஒரு சத்தம்! பாஸ்வெல் திரும்பி வந்து காரணம் சொல்லியும் கோபம் அடங்கவில்லை. நீ போயிருந்தால் எடின்பரோவுக்குத் திரும்பியதும் உன்னோடு உறவை முறித்துக்கொண்டு, அப்புறம் முகத்தில்கூட விழித்திருக்கமாட்டேன் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். ராத்திரி முழுக்க பாஸ்வெல்லுக்கு நிம்மதியில்லை. காலையில், கோபத்தில் பேசிவிட்டேன், அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று ஜான்சனே இறங்கிவந்தார்.

இதைப் படித்தால் 'பார்த்தீர்களா, விட்டுட்டுப் போகக்கூடாது' என்று தோன்றும். ஜான்சன் கோபத்துக்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இப்படிச் செய்கிற ஆளை நம்ப முடியாமல் போகிறது, அடுத்து என்ன செய்வான் என்று தெரியாது என்பது அவர் வாதம். பாஸ்வெல் முன்னே போனதைவிட, சொல்லாமல் போனதுதான் அவரைச் சுட்டது என்று எனக்குப் படுகிறது. அந்தக் குதிரை மேல், அந்த இருட்டில், அவர் பக்கத்துணையை நம்பி வந்துகொண்டிருந்தார். துணை எப்போது விலகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'நான் ஒரு மைல் முன்னால போறேன், வழிகாட்டி உங்க கூட இருப்பார்' என்று சொல்லியிருந்தால், திட்டியிருப்பார்தான், ஜான்சன் ஆயிற்றே! உறவை முறிக்கிற பேச்சு வந்திருக்குமா?

இளையவர் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். முக்கால் மணி நேரத்தில் இதே தூணடிக்கு வருவேன் என்று வாட்சைக் காட்டியிருப்பார். அதற்குமேல் மூத்தவருக்கு என்ன வேண்டும்?

கேமராவோடு வந்த சக பயணி ஒருவர், தோழிகள் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்திருக்கிறார். பிரிண்ட் போட்டதை மூத்தவர் எனக்குக் காட்டினார். பின்னால் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பம். அது தெற்குப் பிராகாரம். முப்பத்தேழு சொர்க்கமும் முப்பத்திரண்டு நரகமும் செதுக்கிய சுவர். எருமை மேல் எமன், கீழே தீர்ப்பு சொல்ல சித்ரகுப்தன். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை! எண்ணூறு வருஷத்துக்கு மேலாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். "இதெல்லாம் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். மூத்தவர் கண்ணாடியைத் தூக்கி போட்டோவை உற்றுப் பார்த்தார். "இதுவா? எங்க பார்த்தோம்? அவ என் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா, நான் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு இதுதான் ஆறவில்லை. உச்சி போனது ஒருவருக்கு. சமதரையில், முட்டிக்குத் தொந்தரவில்லாமல் நடந்து பார்க்கக்கூடிய அந்த நீண்ட சுவர் போனது இருவருக்கும். இளையவர் மேலே போயிருந்தால் மூத்தவர் முதல் பத்து நிமிஷம் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் போரடித்து எழுந்து சுவரைப் பார்த்திருப்பார். சித்ரகுப்தனை அடையாளம் கண்டுபிடித்திருப்பார், அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்தவர் அல்லவா? இறங்கி வந்த தோழியிடம் சொல்வதற்கு அவரிடமும் ஒரு சரக்கு இருந்திருக்கும். அன்று ராத்திரி அந்த ட்வின் ஷேரிங் ரூமில் ஒருவர் மேலே பார்த்ததைச் சொல்ல, மற்றவர் கீழே பார்த்ததைச் சொல்ல... குழம்பு போய், கறி வந்திருக்கும்.

மூத்தவரிடம் இதை அப்படியே சொன்னேன். "அதையெல்லாம் அவகிட்ட போய்ச் சொல்லு, என்கிட்ட ஏன் சொல்றே?" என்றார். நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கத்தை இருவருமே படிப்பார்கள். பாலிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜான்சனும் பாஸ்வெல்லும் அந்த ஒரே பயணத்தைப் பற்றித் தனித்தனியாக இரண்டு புத்தகம் எழுதினார்கள். ஜான்சனுடையது 1775-ல் வந்தது. அதில் தீவுகள் இருக்கின்றன, ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வறுமை இருக்கிறது. பாஸ்வெல்லுடையது, ஜான்சன் காலமான மறுவருஷம், 1785-ல் வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ஜான்சன் இருக்கிறார், க்ளெனெல்க் சண்டை உட்பட. ஒரே பாதை, ஒரே சத்திரம், ஒரே மழை. இரண்டு பேர் கண்ணிலும் பட்டது வேறு வேறு. பயணத்தின்போது பாஸ்வெல் எழுதிவந்த அந்தக் குறிப்புகளை ஜான்சன் அவ்வப்போது வாங்கிப் படித்துக்கொண்டே வந்தார். படிக்க அவருக்குப் பிடித்திருந்ததாம்.